தம்பி மனைவியோடு கல்வராயன் மலைக்கு

அப்பாவின் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். கதவைத் தாழ் போட்டுவிட்டு ஆசை தீரத் தூங்க வேண்டும். ஆனால் தூக்கம் வரவில்லை. பக்கவாதம் வந்து படுத்த அப்பாவை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட உடம்பு இது. முதுகில் புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்காக விழித்து விழித்துப் பழகிய கண், அவர் போன பிறகும் அதே நேரங்களில் தானாகத் திறந்துகொண்டது. எழுந்து உட்காருவேன். கட்டில் காலியாக இருக்கும். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் படுப்பேன்.

எங்கள் வீடு விக்கிரமங்கலத்தில். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் சின்ன வயதிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். பால்வாடியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விழுந்ததும் அதை விட்டுவிட்டேன். தம்பிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். அவன் மனைவி பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறாள். அவர்களுடைய மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

தம்பி மனைவிக்கும் எனக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. பேச்சும் பெரிதாக இருந்ததில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவாள். அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் துணி மாற்றுவேன், கஞ்சி ஊட்டுவேன், மூத்திரப் பையைக் காலி செய்வேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப வரேங்க அண்ணி" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். புடவை கசங்காமல் வந்து போகிறவள் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் காலாண்டு லீவில் ஒருநாள் போன் செய்தாள். "அண்ணி, நாளைக்கிக் காலையில ரெடியா இருங்க. கார்ல வரேன். எங்கயாவது போயிட்டு வரலாம்."

"எங்கம்மா?"

"வடக்கால போலாம். கல்வராயன் மலைக்கி. காலையில போயி சாயங்காலம் திரும்பிடலாம்."

எனக்கு மலையும் வேண்டாம், காரும் வேண்டாம். மறுப்பதற்குக் காரணம் தேடினேன். போன மாதம் வரை அப்பா இருந்தார், அதுவே காரணமாக இருந்தது. இப்போது சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் வந்துவிட்டாள். தம்பி போன வருஷம் வாங்கிய பழைய வெள்ளைக் கார். டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸ் எடுத்திருக்கிறாள் என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போவாள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் ஓட்டி வருவாள் என்று நினைக்கவில்லை. நான் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். அவளே குனிந்து மாட்டிவிட்டாள்.

அரியலூர் வரை எனக்கு உயிர் கையில் இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. ரோட்டோரப் புளியமரமெல்லாம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் நான் காலைத் தரையில் அழுத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து ஓட்டினாள். பேரளி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். மக்காச்சோளம் கதிர் விட்டு நின்றது, பருத்தி பூத்திருந்தது. காலை வெயில் கண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

"தோ வரேம்ப்பா" என்று நான் கத்திய சத்தத்தில் நானே விழித்தேன். கை சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கார் ஓரமாக நின்றிருந்தது. இடப்பக்கம் தூரத்தில் பச்சைமலை நீளமாகக் கிடந்தது, அதன்மேல் மேகம். வேப்பந்தட்டை தாண்டிவிட்டோம் என்று பிறகு தெரிந்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"கூப்புட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"சரிங்க அண்ணி. குடிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நல்லவேளை, ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பதினாறு நாளும் ஆறுதலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலித்திருந்தது.

மறுபடியும் தூங்கினேன். அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஊர்களைவிடப் பார்க்காத ஊர்கள்தான் அதிகம். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு ஊர் இருந்தது. ஒரு ஊரில் சந்தை நாள் போல, வெங்காய மூட்டைக்கு நடுவில் கார் ஊர்ந்தது. இன்னொரு ஊரில் சர்ச் வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கிருஷ்ணாபுரம் என்று எழுதிய பலகை ஒன்று ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு காடு மாதிரி ஒரு இடம், வேலிக்காத்தான் முள்ளும் பாறையும். என் தலை கண்ணாடியில் இடித்து இடித்து வலித்தது. ஒரு தடவை விழித்தபோது தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அவளுடைய துப்பட்டா சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியாது.

ஆத்தூரை நெருங்கும்போது மரவள்ளிக் கிழங்கு லாரிகளும் ஜவ்வரிசி மில்லின் புளித்த வாடையும் என்னை எழுப்பின. ரோட்டோரம் ஒரு மெஸ்ஸில் நிறுத்தினாள். இலையைப் போட்டு, இட்லி வைத்து, சட்னி ஊற்றினார்கள். நான் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தபோது அவள் முதல் இட்லியில் பாதியில்தான் இருந்தாள். கை கழுவ எழுந்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒக்காருங்க அண்ணி. இன்னும் ரெண்டு வாங்கிக்கங்க. மெதுவா சாப்புடுங்க. யாரும் கூப்புடல."

நான் உட்கார்ந்தேன். புது இலை போட்டார்கள். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன், மெல்ல முடியவில்லை. அப்பா இறந்த அன்று அழவில்லை, எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. ஊர்ப் பெண்கள் அதைப் பேசிக்கொண்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். இப்போது முன்பின் தெரியாத ஒரு மெஸ்ஸில், பக்கத்து மேசையில் லாரிக்காரர்கள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மூக்கில் ஒழுக ஒழுக அழுதேன். பரிமாறியவர் திகைத்துப்போய் சாம்பார் வாளியோடு நின்றார். "காரம் ஏறிடுச்சுங்க. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றாள் அவள். அவர் ஓடினார்.

ஆத்தூர் தாண்டி மலை அடிவாரத்துக்குப் போகும் வழியில் என் போன் அடித்தது. தம்பி.

"யக்கா, எங்க இருக்க?"

"மலை ஏறப் போறம்டா."

"அப்பா போனதுலேருந்து ஒனக்கு வூட்ல இருக்கப் புடிக்கல, மலைப் பக்கம் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறன்னு அவ சொன்னா. நீ இந்த மாதிரி கேக்கற ஆளே இல்லியே, அதான் சரின்னுட்டேன். ஆக்டிங் டிரைவர் எப்புடி, ஒழுங்கா ஓட்டுறானா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் காரை ஓரம் கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் சிவந்திருந்தது. தம்பி பேசியது அவளுக்கும் கேட்டுவிட்டது.

"நல்லா ஓட்டுறாங்கடா" என்றேன்.

"வயசுப் பையனா? வேகமா போவப் போறான்."

"இல்ல, நடு வயசு. நெதானமான ஆளு."

"போன அவருகிட்ட குடு, ரெண்டு வார்த்த சொல்லிடறேன்."

"வண்டி ஓட்டுறவங்ககிட்ட எதுக்குடா போனு? மலைக்கிப் போயிட்டா டவர் இருக்காது. வூட்டுக்கு வந்து பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தெம்பு என்னிடம் இல்லை. "போம்மா" என்றேன். வண்டியைக் கிளப்பினாள்.

மலை ரோடு ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கீழே விட்டு வந்த வயல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. மூங்கில், பிறகு பேர் தெரியாத பெரிய மரங்கள், மரத்துக்கு மரம் தாவும் குரங்குகள். தூறல் போட ஆரம்பித்தது. நான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, இதைப் பார்ப்பதும் ஒரு வேலை மாதிரி அலுப்பாக இருந்தது. கண் பார்ப்பதை உள்ளே அனுப்பியது, உள்ளே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்படித்தான் இருந்தேன் அப்போது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே இருந்து பஸ் வந்துவிட்டது. ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பஸ்ஸால் பின்னால் போக முடியாது. நாங்கள்தான் பின்னால் இறங்கி அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் சடாரென்று பின்னால் உருண்டது. "ஐயோ" என்று பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். என்ஜின் அணைந்துவிட்டது.

"அண்ணி, என்னால முடியாது. பின்னால எடுத்து எனக்குப் பழக்கமில்ல."

நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். அரியலூர்ப் பக்கத்துக்காரிக்கு லாரிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையோரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அதற்குள் பஸ் கண்டக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"மேடம், பயப்படாதீங்க. ஸ்டியரிங்க நேரா வெச்சிக்கிட்டு மெதுவா விடுங்க. நான் சொல்றேன். யம்மா, நீங்க கல்ல கொஞ்சம் தள்ளி வைங்க. ம், விடுங்க மேடம்... போதும், புடிங்க."

கார் கொஞ்சம் இறங்கும், கல்லில் முட்டி நிற்கும். நான் பக்கவாட்டிலிருந்து கல்லை மறுபடியும் கீழே தள்ளி வைப்பேன். இப்படியே அகலமான இடம் வரை இறக்கினோம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். என் புடவையெல்லாம் சேறு. முதுகு விண்விண் என்று வலித்தது. அப்பாவைப் புரட்டிப் புரட்டி வந்த அதே வலி, அதே இடம். பஸ் எங்களை உரசாமல் கடந்து போனது. படியில் தொற்றிக்கொண்ட கண்டக்டர் திரும்பிக் கத்தினார். "யம்மா, கல்ல நடு ரோட்ல போட்டுட்டுப் போயிடாதீங்க!"

கல்லை ஓரத்தில் உருட்டிவிட்டு வந்து ஏறினேன். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கிடலாமா அண்ணி? திரும்பிப் போயிடலாமா?"

"திருப்ப எங்கம்மா எடம் இருக்கு? மேல போ."

அவள் தலையை நிமிர்த்தி என் சேற்றுப் புடவையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்கும்வரை சிரித்தோம்.

கருமந்துறை தாண்டியதும் மலை சமதரை மாதிரி விரிந்தது. சாமை விளைந்த வயல்கள், கேழ்வரகு, தகரக் கூரை போட்ட வீடுகள். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண் குடையை இடுப்பில் செருகிக்கொண்டு நனைந்தபடி நடந்தாள். வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரம்மா கூடையில் சீத்தாப்பழம் வைத்திருந்தார்.

"எந்த ஊருங்க?"

"பெரம்பலூரு பக்கம்."

"ஆம்பள யாரும் வரலியா? இந்தம்மாவா ஓட்டியாந்துச்சு?"

"ஆமா, எங்க தம்பி சம்சாரம்" என்றேன். என் குரலில் பெருமை இருந்ததை நானே கேட்டேன்.

பக்கத்தில் அருவி இருக்கிறது, உள்ளே நடக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. என் முழங்காலுக்கு ஆகாது. "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றேன். அவளும் போகவில்லை. டீயும் ஒரு சீத்தாப்பழமும் வாங்கிக்கொண்டு கார் ஓரமாக நின்றோம்.

"அண்ணி, நான் ஒங்க பேர சொல்லித்தான் பர்மிஷன் வாங்குனேன்."

"தெரியுதே."

"கார் வாங்கி ஒரு வருசமாச்சு. ஸ்கூலு, மார்க்கெட்டு, ஸ்கூலு. அவரு வந்தா அவருதான் ஓட்டுவாரு, நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன். ஒரு நாள் மலை ரோட்ல ஓட்டணும்னு கேட்டேன். ஒனக்கெதுக்கு வேண்டாத வேலன்னாரு. ஒங்களுக்காகன்னு சொன்னதும் மறு பேச்சு பேசல." கொஞ்ச நேரம் டீயை ஊதினாள். "ஆனா ஒங்களுக்காகவும்தான். அது பொய்யில்ல."

நான் டீ டம்ளரைக் கார் மேல் வைத்தேன்.

"மாமா படுத்திருந்தப்ப, ஒரு நா நான் பாத்துக்கறன், நீங்க பெரம்பலூருக்கு வந்து தூங்குங்க அண்ணின்னு சொல்லணும்னு பஸ்ல வரப்பல்லாம் நெனச்சிக்கிட்டே வருவேன். வாசல்ல கால வெச்சதும் வாய் வராது. ஒங்க கை அவ்ளோ வேகமா வேல செய்யும். நடுவுல நான் எங்க பூந்துக்கறதுன்னு தெரியாது. வேண்டாம்னுடுவீங்கன்னு பயம்."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். அது உண்மை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தூறல் நின்று, எதிர் மலையில் வெயில் விழுந்தது. எதற்கென்று தெரியாமல் நான் பேச ஆரம்பித்தேன்.

"அப்பாவுக்கு மூச்சு நின்னதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இன்னிக்கி முழுசா தூங்கலாம்னு. அதுதாம்மா தோணுச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீத்தாப்பழத்தை இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியை என் கையில் வைத்தாள். இரண்டு பேரும் கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றோம். பழம் நன்றாகப் பழுத்திருந்தது.

மலை இறங்கும்போது அவள் கை பழகிவிட்டது. எதிரே வண்டி வந்தால் அவளே முன்கூட்டி ஒதுங்கினாள். கச்சிராயபாளையம் வந்தது, அதன் பிறகு கள்ளக்குறிச்சி நெரிசல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டபோது ஒரு ஆட்டோக்காரர் ஏதோ திட்டினார், அவளும் கண்ணாடியை இறக்கி நன்றாகத் திருப்பித் திட்டினாள். கணக்கு டீச்சர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் மறுபடியும் தூங்கிப்போனேன். சுற்றிக்கொண்டு வந்து சென்னை ரோட்டைப் பிடித்ததோ, தொழுதூர் டோலில் நின்றதோ எதுவும் எனக்குத் தெரியாது. இந்த முறை அப்பா கூப்பிடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பெரம்பலூர் வந்தோம். அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னேன். அவள் கேட்காத மாதிரி நேராக அவள் வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தினாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் தம்பியிடம் போனில் பேசுவது கேட்டது.

"வந்துட்டோங்க... ஆமா, அக்காவும் இங்கதான் இருக்காங்க... இல்லிங்க, ஆக்டிங் டிரைவர்லாம் யாரும் இல்ல. நாந்தான் ஓட்டுனேன்."

அந்தப் பக்கம் தம்பி ஏதோ கேட்டான் போல. பிறகு அவள், "பயப்படல. தூங்கிக்கிட்டே வந்தாங்க" என்றாள்.

இரண்டு நாள் என்று சொன்னது ஒரு வாரம் ஆனது. பகலிலும் தூங்கினேன். அவள் சமைத்து மூடி வைத்துவிட்டு என்னை எழுப்பாமல் தன் வேலையைப் பார்த்தாள். தம்பி வந்தபோது எங்கள் இருவரிடமும் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் சாப்பிடும்போது, "ரிவர்ஸ் எடுக்கறத மட்டும் ஒழுங்கா கத்துக்க" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். கண்டக்டர் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஊருக்குத் திரும்பியதும் கட்டிலைத் தெருக்கோடியில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கே ஒரு அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. பால்வாடியில் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். ஆள் போட்டுவிட்டார்களாம். வேறு ஏதாவது பார்க்க வேண்டும். இன்னும் முழுசாக அலுப்பு தீரவில்லை. சில நாள் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டவே சோம்பலாக, ஈரத் துண்டோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அரையாண்டு லீவுக்குக் கொல்லிமலை போகலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அங்கே வளைவு இன்னும் அதிகமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.